நானூற்று எண்பது வாட்

1

இந்தக் கதை எனக்குக் கிடைக்கக் காரணம் என் கடைவாய்ப்பல். அஸ்தம்பட்டியில் பல் டாக்டருக்காகக் காத்திருந்தேன். கன்னம் வீங்கி வாயைத் திறக்க முடியவில்லை. பக்கத்து நாற்காலிப் பெண்ணுக்கு, குறுக்கே பேசாமல் கேட்கும் ஆள் கிடைத்துவிட்டது. பெயர் சண்முகப்பிரியா. நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணை வீட்டு மருமகள்; டிப்ளமோவில் மின்னியல் படித்தவர். பண்ணையில் நடந்ததைச் சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டின் பின்புறம் ஒரு கணக்கும் போட்டுக் காட்டினார். பத்தாம் வகுப்பில் எனக்கு வராத கணக்கு. இப்போதாவது புரியாதா என்ற ஆசையில்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

விடியும்போது முந்நூறு உயிர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக...

(வேண்டாம். இப்படித் தொடங்கினால் நீங்கள் மனிதர்களை நினைத்துக்கொள்வீர்கள். இவை கோழிக்குஞ்சுகள். பொரித்து இரண்டே நாளானவை.)

மறுபடியும் தொடங்குகிறேன். புதிதாகக் கட்டிய கொட்டகைக்கு முதல்முறையாக இரண்டாயிரம் குஞ்சுகள் வந்து இறங்கின. தாய்க்கோழியின் சூட்டுக்குப் பதிலாக ஆறு மின்சார ஹீட்டர்கள். பார்த்துக்கொள்ளப் பொன்னாயி, பதினோரு ஆண்டுகளாக அங்கே வேலை செய்பவள். மறுநாள் காலை ஏழு மணிக்குச் சண்முகப்பிரியாவின் மாமனார் மணியன் உள்ளே போனார். குளிருக்கு ஒண்டிய குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியதில், அடியில் சிக்கிய முந்நூறு மூச்சு முட்டிச் செத்துக் கிடந்தன.

"ஹீட்டர நிறுத்திப்போட்டுத் தூங்கிட்டியா?"

"இல்லீங்க சாமி. ஆறும் ஓடிட்டுத்தானுங்க இருந்துச்சு. நான் கண்ண மூடவே இல்லீங்க. பிரிச்சு உட உட மறுபடி ஏறிக்கிச்சுங்க."

"ஓடியிருந்தா எப்படிச் சாவும்? இனி இந்தப் பக்கம் வந்தராத."

தீவன மூட்டை இறக்க வந்த லாரிக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொன்னாயி தன் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

3

மணியனைக் கெட்டவராக எழுதப் பார்த்தேன். வரவில்லை. செத்த குஞ்சுகளை அவர் கொட்டாமல், ஒவ்வொன்றாக எடுத்துக் குழியில் வைத்தாராம். அப்படி எடுத்து வைக்கிற மனிதரும் அநியாயமாகப் பேசுவார். [இந்த வரியை எழுதி, அடித்து, மறுபடி சேர்த்திருக்கிறேன்.]

4

அடுத்த நாள் காலை ஆறு மணிக்குச் சண்முகப்பிரியா கொட்டகைக்குள் போனார். ஆறு ஹீட்டர்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் கையை நீட்டினால் சூடு சரியாகப் படவில்லை. மீட்டரை எடுத்து வந்தார். மின்னழுத்தம் 160 வோல்ட். ஒயரைக் கவ்விப் பிடித்து அளக்கும் மீட்டரில், ஒரு ஹீட்டருக்கு ஓடிய மின்னோட்டம் 3 ஆம்பியர்.

ஹீட்டரின்மேல் எழுதியிருந்தது: 230 வோல்ட், 1000 வாட். ஆயிரத்தை 230-ஆல் வகுத்தால், ஓட வேண்டியது ஏறத்தாழ 4.35 ஆம்பியர். 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் மின்தடை 53 ஓம். அளந்ததை வைத்து 160-ஐ மூன்றால் வகுத்தாலும் அதே 53. ஆக, ஹீட்டரில் பழுதில்லை. ஆனால் திறன்? 160-ஐ மூன்றால் பெருக்கினால் 480 வாட்.

(இங்கே பேனாவை வைத்துவிட்டேன். மூன்றில் ஒரு பங்குகூடக் குறையாத வோல்ட்டுக்கு, பாதிக்கு மேல் சூடு எப்படிக் குறையும்? போன் செய்து கேட்டேன். "வோல்ட் கொறஞ்சா ஆம்பியரும் கூடவே கொறையுமுங்க. ரெண்டையும் பெருக்கறோமில்லீங்க? அடி ரெண்டு பக்கமும் விழுகுது" என்றார். எங்கள் அறிவியல் ஆசிரியர் மட்டும் இப்படிச் சொல்லியிருந்தால்... அது வேறு கதை.)

ஊருக்கு வரும் மின்சாரமே குறைவு; மெயின் பெட்டியருகே 205 வோல்ட் இருந்தது. கொட்டகைக்குப் போய்ச் சேரும்போது 160. இடையில் நூறு மீட்டருக்கு மெல்லிய ஒயர்; பழைய வீட்டில் விளக்குகளுக்குப் போட்டிருந்தது. ஆறு ஹீட்டர்களின் பாரத்துக்கு அது போதவில்லை. அதை இழுத்துக் கட்டியவர் மணியன்.

"மாமா, ஹீட்டர் ஓடிட்டுத்தாங்க இருந்திருக்குது. சூடுதான் பாதிகூட இல்லீங்க."

மணியன் ஒயரைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"குஞ்சுக்குப் போக வேண்டிய சூடு இதுலயே போயிருக்குதா?" என்றார்.

மாலைக்குள் தடித்த ஒயர் போட்டார்கள். குஞ்சுகள் கொட்டகை முழுக்கப் பரவித் தீவனம் கொத்தத் தொடங்கின.

5

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். ஹீட்டர் ஓடினாலும் குஞ்சு சாகும் என்று மட்டும்தான் அந்தக் கணக்கு சொல்கிறது. பொன்னாயி கண்ணை மூடவில்லை என்று எந்த மீட்டரும் சொல்லாது. அதை அவள் சொல்லித்தான் நம்ப வேண்டும்.

மறுநாள் மணியன் மருமகளை வண்டியில் பொன்னாயி வீட்டுக்கு அழைத்துப் போனார். வண்டியை விட்டு இறங்கவில்லை. சண்முகப்பிரியா மட்டும் வாசலில் நின்று, வோல்ட், ஆம்பியர், ஒயர் எல்லாவற்றையும் விளக்கினார். பொன்னாயி குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"மிசினு சொன்னதுக்கப்பறந்தான் எம் பேச்ச நம்பறீங்களா அம்மிணி? அது வேற நம்பரக் காட்டியிருந்தா?"

6

முடிவு ஒன்று: சண்முகப்பிரியா அழுதபடி அவள் கையைப் பிடித்து...

(அழவில்லையாம். கேட்டுவிட்டேன்.)

முடிவு இரண்டு: மணியன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து...

(எனக்குப் பிடித்த முடிவு. நடக்கவில்லை.)

நடந்தது இவ்வளவுதான்: நான்காம் நாள் பொன்னாயி வேலைக்கு வந்தாள். மணியன் "வா" என்றார். அவள் அவரைத் தாண்டி நேராகக் கொட்டகைக்குள் போனாள்.

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று சண்முகப்பிரியாவிடம் போனில் கேட்டேன்.

"என்னமோ சொன்னனுங்க. சரியாச் சொல்லலீங்க. நீங்க நல்லா எழுதிருங்க."

மூன்று வாரமாக முயல்கிறேன். எதை எழுதினாலும் பொன்னாயி ஒத்துக்கொள்ள மாட்டாள் என்றே தோன்றுகிறது. அந்த வாசலில் நீங்கள் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? இடம் விட்டிருக்கிறேன்.

"பொன்னாயக்கா,