பல் டாக்டரின் மூன்று குழாய்கள்

அந்தப் பட்டறைக்காரனுக்கு சைலன்சர் என்று பெயர் வைத்தவன் யாரோ, அவனுக்கு நல்ல குசும்பு. காலையில் ஷட்டரோடு சேர்ந்து திறக்கிற வாய் அது. சாயங்காலம் ஷட்டர் இறங்கிவிடும், வாய் இறங்காது. பேச்சிலும் பெரிய வகைதொகை கிடையாது. தன்னிடம் வண்டி கொண்டுவருகிற அத்தனை பேரும் அடிமுட்டாள்கள் என்பதுதான் அவனுடைய வாழ்நாள் கண்டுபிடிப்பு. அதற்குத் தினமும் புதுப்புது ஆதாரம் சேர்த்துக்கொண்டிருந்தான்.

ஆதாரத்துக்குப் பஞ்சமில்லாத தொழில்தான். ஏடிவி என்கிற நாலு சக்கர முரட்டு வண்டிகளைப் பழுது பார்க்கிற பட்டறை. பைக்குக்கு இருக்கிற மாதிரி கைப்பிடியும் சீட்டும், டிராக்டருக்குத் தம்பி மாதிரி டயரும் வைத்த வண்டி. தோட்டம் துரவு உள்ளவர்கள் வேலைக்காக வாங்குவார்கள். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்காக வாங்குவார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமைக்காரர்களைக் கண்டால்தான் சைலன்சருக்குப் பற்றிக்கொண்டு வரும். பற்றிக்கொண்டு வந்தாலும் சிரித்த முகமாக வண்டியை வாங்கி வைத்துக்கொள்வான். கேலியெல்லாம் அவர்கள் தலை மறைந்த பிறகுதான்.

அந்தக் கேலியில் பெரும்பங்கை அவன் வீட்டுக்குப் பத்திரமாக எடுத்துப் போவான். அவன் மனைவி ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் உதவியாளர். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள ஊராரைத்தான் வைத்துக்கொண்டார்கள். அவன் வண்டிக்காரர்களைப் பரிமாறுவான், அவள் பல் டாக்டரைப் பரிமாறுவாள். அவள் சிரிக்க ஆரம்பித்தால் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவன் பகலெல்லாம் மனிதர்களைக் கவனித்தான் என்று சொன்னாலும் தப்பில்லை. உலகத்தில் அவன் மதித்த ஒரே ஆள் அவள்.

அந்தப் பல் டாக்டரே ஒருநாள் ஏடிவி வாங்கிக்கொண்டு பட்டறைக்கு வந்து நின்றபோது, சைலன்சருக்குக் கை கால் ஓடவில்லை. விருந்து தானாக வீடு தேடி வந்த சந்தோஷம். டாக்டர் செல்போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். யாரோ ஒருவன் மார்பளவு தண்ணீரில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். கைப்பிடிக்கு முன்னால் மூன்று குழாய்கள் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன.

"இந்தக் கொம்பு எனக்கு வேணும்."

"கொம்பு இல்ல டாக்டர். ஸ்நார்க்கல்னு சொல்லுவோம். வண்டி மூச்சு விடறதுக்கு."

"ஏதோ ஒண்ணு. ஆனா மூணு வேணும். இதுல மூணு இருக்கு பாருங்க."

"மூணு எதுக்குன்னு தெரியுமா டாக்டர்?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு ஸ்பேரா இருக்குமோ?"

சைலன்சர் குனிந்து டயரைப் பார்க்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டான். மறைத்த இடத்தில் பார்த்தது அதைவிட வேடிக்கையாக இருந்தது. கம்பெனியில் வார்த்தபோது டயரில் முளைத்த ரப்பர் முடிகள் ஒன்றுகூட உதிரவில்லை. வண்டி இன்னும் மண்ணை மிதிக்கவே இல்லை. சீட்டுக்கடியில் மஞ்சள் துணி ஒன்று மடித்து வைத்திருந்தது. துடைத்துத் துடைத்து வைத்துக்கொள்கிறாராம்.

மூன்று குழாய் எதற்கு என்று சைலன்சருக்குத் தெரியும். ஒன்று இன்ஜினுக்கு. காற்றுக்குப் பதில் தண்ணீரை விழுங்கினால் இன்ஜின் அதோடு சரி. மற்ற இரண்டும் பெல்ட் பெட்டிக்கு. இந்த வண்டியில் இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது ஒரு ரப்பர் பெல்ட். அது சூடாகாமல் இருக்க அதன் பெட்டிக்குள் ஒரு வாய் வழியாகக் காற்று போக வேண்டும், இன்னொரு வாய் வழியாக வெளியே வர வேண்டும். இரண்டு வாயும் சீட்டுக்கடியில் தாழ்வாக இருக்கும். அவற்றையும் மேலே தூக்கவில்லை என்றால் தண்ணீர் பெல்ட்டை நனைத்துவிடும். பெல்ட் வழுக்கும். இன்ஜின் கத்திக்கொண்டே இருக்கும், சக்கரம் அசையாது.

இன்ஜின் குழாயை அவன் அருமையாகத்தான் போட்டான். காற்றுப் பெட்டியின் ஓரங்களுக்கெல்லாம் சிலிகான் தடவி, ஒவ்வொரு இணைப்பையும் ஊதிப் பார்த்து, கிளாம்ப் இறுக்கி, தள்ளி நின்று ரசித்தான். பிறகு பெல்ட் குழாய்களுக்கு வந்தபோது கை சலித்தது. அதற்கு சீட்டைக் கழற்ற வேண்டும், பிளாஸ்டிக் மூடிகளையெல்லாம் உரிக்க வேண்டும், ரேடியேட்டருக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கிற சந்தில் குழாயை வளைத்து வளைத்துக் கொண்டுபோக வேண்டும். இதெல்லாம் யாருக்காக? மஞ்சள் துணிக்காரருக்காகவா?

"இந்த ஆளு தண்ணியப் பார்த்ததே வாய் கொப்பளிக்கிற கிண்ணத்துலதான்" என்று வண்டியிடமே சொன்னான்.

இரண்டு குழாய்களை அளவாக வெட்டினான். அடியில் மூடி போட்டு அடைத்தான். இன்ஜின் குழாய்க்கு இருபுறமும் நிறுத்தி, முன்பக்க பிளாஸ்டிக்குக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் கிளாம்ப் போட்டான். பெல்ட் பெட்டியின் வாய்கள் கம்பெனி வைத்த இடத்திலேயே, சீட்டுக்கடியிலேயே, திறந்து கிடந்தன. பார்ப்பதற்கு மூன்று குழாயும் ஒரே மாதிரி கம்பீரமாக நின்றன. டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கண் கலங்காத குறை. மூன்றுக்கும் சேர்த்தே கூலி கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் சைலன்சர் வீட்டுக்கு நடக்கவில்லை, மிதந்தான். இப்படி ஒரு தின்பண்டம் அவன் கையில் இதுவரை அகப்பட்டதே இல்லை. ஆனால் அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"கிளினிக் வாசல்ல வண்டிய நிறுத்திட்டு, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் உங்க வேலையக் காட்டிட்டு இருந்தார். பல்லு வலின்னு வந்த அம்மாவுக்குக்கூட. யார் போட்டதுன்னு ஒவ்வொருத்தரா கேக்கறாங்க. என் வீட்டுக்காரர்னு சொன்னேன். எனக்குத் தலை நிமிர்ந்துபோச்சுங்க."

சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் அவனைப் பார்த்த அந்தப் பார்வை, சிரிப்பைவிட ருசியாக இருந்தது. நாக்கு நுனியில் இருந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, "வேலைன்னா அப்படித்தான் இருக்கணும்" என்றான். இவ்வளவு பெரிய வாயை ஒரு பாராட்டு அடைத்துவிட்டது.

மழைக்காலம் வந்தது. ஊருக்கும் அக்கரைக்கும் நடுவே ஒரு தரைப்பாலம். மழை வலுத்தால் ஆறு அதன் மேலேறி ஓடும், வடியும்வரை ஜனங்கள் இரண்டு பக்கமும் நின்று தண்ணீரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். அக்கரையில் டாக்டருக்கு இன்னொரு கிளினிக் உண்டு. அன்று அங்கே ஆட்கள் காத்திருந்தார்கள். அது ஒரு சாக்கு. உண்மையில் டாக்டர் காத்திருந்தது இந்தக் கரையில் நின்ற கூட்டத்துக்காகத்தான்.

மதியம் போல சைலன்சருக்குப் போன் வந்தது. டிராக்டர் வைத்திருக்கிற மச்சான், மனைவியின் அண்ணன்.

"மாப்பிள்ளை, தங்கச்சி நல்லா இருக்கா. முதல்ல அதைச் சொல்லிடறேன்."

அப்படி ஆரம்பிக்கிற எந்தப் பேச்சும் நல்லபடியாக இருக்காது. "என்னாச்சு மச்சான்?"

"டாக்டர் வண்டியில பின்னாடி உக்காந்து தரைப்பாலத்துல இறங்கியிருக்கா. நடுவுல நின்னுபோச்சு. நல்லவேளை, நான் கரையில இருந்தேன். கயிறு கட்டி இழுத்துட்டேன். வண்டிய உன் பட்டறைக்குத்தான் கொண்டுவரேன், டாக்டர் ரொம்பக் குதிக்கறார்."

கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தான். அவளுக்கு நீச்சல் தெரியாது. குளியலறைத் தொட்டியைக்கூட எட்ட நின்று பார்க்கிறவள். ஒரு நிமிஷம் அவன் நிஜமாகவே நடுங்கினான், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அடுத்த நிமிஷம், டாக்டரிடம் என்ன பொய் சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டான். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

டிரெய்லரில் வந்த வண்டியைப் பட்டறை வாசலில் இறக்கினார்கள். பக்கத்தில் டாக்டர், மீசையிலிருந்து தண்ணீர் சொட்ட, ஹெல்மெட்டில் கேமராவோடு. மச்சானுக்குப் பின்னால் அவள். கிளினிக் உடுப்பு நெஞ்சுவரை நனைந்து சேறாகியிருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆனால் கண்ணில் சண்டை மின்னியது.

"குழாய்ல என்னமோ கோளாறு" என்றார் டாக்டர். "மூணு குழாய் போட்டும் நின்னுடுச்சுன்னா என்ன அர்த்தம்? ஏமாத்து வேலை."

"டாக்டர், வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க" என்றாள் அவள். சம்பளம் கொடுக்கிறவரை இப்படிப் பேசலாமா என்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. "உங்களை நம்பியா நான் அந்தத் தண்ணில ஏறி உக்காந்தேன்? நீங்க கார் ரிவர்ஸ் எடுத்தாலே நான் சுவரோரம் ஒதுங்கறவ. என் வீட்டுக்காரர் போட்ட குழாய்ங்கற ஒரே தைரியத்துலதான் உக்காந்தேன்."

பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க பார்த்திருக்கணும். நட்டாத்துல நிக்கறோம். இடுப்புவரைக்கும் தண்ணி. இன்ஜின் கத்துது, வண்டி ஒரு அடி நகரல. தண்ணி தள்ளித் தள்ளிப் பின் சக்கரம் பாலத்து விளிம்புக்குப் போயிடுச்சு. இவர் என்ன பண்றார் தெரியுமா? ஹாரன் அடிக்கறார்! ஆத்துக்கு!"

மச்சான் சிரித்துவிட்டார். சைலன்சரும் யார் முகத்தையும் பார்க்காமல் சிரித்தான். வாய் மட்டும் வழக்கம்போல் வேலையைத் தொடங்கியது.

"டாக்டர், இழுப்புத் தண்ணில ஆக்சிலேட்டரை விட்டு விட்டுப் பிடிச்சா எந்த வண்டியும் நிக்கும். கீர் எதுல இருந்தது? பாருங்க, ஞாபகமே இல்ல. குழாய் என்ன பண்ணும் பாவம்?"

டாக்டருக்குக் குரல் இறங்கியது. தான் ஏதாவது தப்பாகத்தான் செய்திருப்போம் என்று நம்ப அவருக்கு அதிக நேரம் பிடிக்காது. இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டே போயிருப்பார். ஆனால் அவளுக்கு அது போதவில்லை. தன் புருஷன் பெயருக்கு நாலு பேர் எதிரில் வந்த சொல், நாலு பேர் எதிரிலேயே போக வேண்டும்.

"அப்படியெல்லாம் அரைகுறையா விட முடியாது" என்று பட்டறைத் தொட்டியிலிருந்து ஒரு மக்கில் தண்ணீர் மொண்டு வந்தாள். "நடுவுல இருக்கறது இன்ஜினுக்கு, அதுல ஊத்தக் கூடாது. ஓரத்துல ரெண்டும் பெல்ட்டுக்கு. இதுல ஊத்தினா பெட்டிக்குக் கீழ தண்ணி வடியறதுக்கு இருக்கற டிரெயின் போல்ட் வழியா வரணும். எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க, எனக்குத் தெரியாதா? அண்ணே, அந்த போல்ட்டைக் கழட்டு."

"விடு. நனைஞ்சு நடுங்கிட்டு இருக்க. முதல்ல வீட்டுக்குப் போ. நான் பார்த்துக்கறேன்."

"நீங்க சும்மா இருங்க. உங்களை ஒருத்தர் ஏமாத்துக்காரன்னு சொல்லிட்டுப் போவாரு, நான் வீட்ல போய்த் துணி மாத்தணுமா?"

மச்சான் போல்ட்டைக் கழற்றினார். பெட்டிக்குள் தேங்கியிருந்த ஆற்றுத் தண்ணீர் கலங்கலாகக் கொட்டி, மெல்லக் குறைந்து, நின்றது. அவள் எக்கி நின்று இடதுபக்கக் குழாயில் மக்கைச் சாய்த்தாள். எல்லோரும் குனிந்து போல்ட் ஓட்டையையே பார்த்தார்கள். சைலன்சர் மட்டும் பார்க்கவில்லை.

கீழே ஒரு சொட்டு வரவில்லை. குழாய் நிறைந்தது. விளிம்பில் ததும்பி வழிந்து, பளபளவென்று துடைத்து வைத்த பிளாஸ்டிக்கின் மேல் ஓடி, அவள் காலடியில் விழுந்தது.

டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றி சீட்டில் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து வாய் பார்க்கிற சின்ன டார்ச்சை எடுத்தார். ஆற்றில் முங்கியும் அது எரிந்தது. வலதுபக்கக் குழாய்க்குள் அடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "இது அடியில அடைச்சிருக்கே" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை, வெறும் ஆச்சரியம்தான் இருந்தது.

மச்சான் போல்ட்டைக் கையில் உருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

அவள் மக்கைத் தொட்டியின் விளிம்பில் வைத்தாள். பிளாஸ்டிக்குக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். மூடியை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தாள். அது நேர்த்தியாகப் பொருந்தியிருந்தது. கணவன் பக்கம் திரும்பினாள். சைலன்சர் அவளுடைய எத்தனையோ பார்வைகளைப் பார்த்திருக்கிறான். இது பட்டறைக்கு வருகிறவர்களைப் பற்றி அவன் சொல்லும்போது அவள் முகத்தில் வருகிற பார்வை.

"அந்த ஆளு தண்ணில இறங்குவாருன்னு எவன் நினைச்சான்?" என்றான். "சும்மா போட்டோவுக்குத்தானேன்னு..."

அவள் ஈரக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டாள்.

"பின்னாடி நான் உக்காருவேன்னு தெரிஞ்சிருந்தா சரியா போட்டிருப்பீங்களா?"

அவனுக்குப் பிடிகொம்பு கிடைத்த மாதிரி இருந்தது. "என்ன கேள்வி கேக்கற? உனக்குன்னா ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம உக்காந்து போட்டிருப்பேன். ஒரு சொட்டு உள்ள போகாது, தெரியுமா? என் வேலையப் பத்தி உனக்குத் தெரியாதா?"

"அப்ப வேலை தெரியாம இப்படிப் பண்ணல" என்றாள்.

சீட்டிலிருந்த ஹெல்மெட்டை எடுத்து டாக்டரிடம் கொடுத்துவிட்டு, அவள் அண்ணனோடு ஏறிக்கொண்டாள். மச்சான் டிராக்டரைக் கிளப்பினார்.