இரண்டு பஸ்ஸுக்கும் ஒரே உயிர்

அம்பத்தூர் மாடி ஆபீசில் அன்று குல்ஷனுக்குக் கை கால் ஓடவில்லை. கம்ப்யூட்டர் கேம்களை மொத்தமாக வாங்கிக் கடைகளுக்கு விற்கும் பக்தவத்சலம் வந்து உட்கார்ந்திருந்தார். இந்த ஆபீஸ் செய்த பஸ் கேமை அவர் வாங்கினால் அவள் வேலை நிரந்தரம், வாங்காவிட்டால் கம்பெனிக்கே பூட்டு என்று முதலாளி ரகுநாதன் சொல்லிவிட்டார். அவளைப் பெற்ற அத்தாவுக்குக் கண் மங்கித் தையல் மெஷினை விட்டு எழுந்ததிலிருந்து, பூந்தமல்லி வீட்டில் அவள் சம்பளத்தில்தான் உலை கொதிக்கிறது.

கேம் என்னவோ நல்ல கேம்தான். இரண்டு பேர் ஆளுக்கொரு பஸ் ஓட்ட வேண்டும், ஆளுக்கு மூன்று உயிர், மோதினால் ஒன்று போகும். ஆனால் அந்த ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. தொண்ணூற்றொன்பதில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி அங்கே எல்லோருக்கும் புதுசு. ஃபங்ஷன் என்கிற புரோகிராம் துண்டுக்குள் மாற்றிய எண் ஒருமுறை வெளியே மாறாமல் அடம்பிடிக்க, சீனியர் கலியமூர்த்தி 'குளோபல்', அதாவது எல்லோருக்கும் பொது, என்று ஒரு வரி சேர்த்தார், மாறியது. அவ்வளவுதான், அதிலிருந்து எந்த ஃபங்ஷனை எழுதினாலும் முதல் வரியில் பிள்ளையார் சுழி மாதிரி குளோபல். யார் எண்ணை யார் வேண்டுமானாலும் தொடலாம். இரண்டாவது பஸ்ஸைச் சேர்த்த குல்ஷனும் தன் மார்க்கம் எது என்று பார்க்காமல் அந்தச் சுழியைப் போட்டாள். இரண்டு பஸ்ஸும் ஒரே உயிரைத்தான் குறைக்கின்றன என்பது அன்று காலையில்தான் தெரிந்தது. சொல்ல வாய் வரவில்லை. வந்தவர் தனியாக ஓட்டினால் தப்பிக்கலாம்.

"தனியா ஓட்டி இன்னா பண்றது? நீயும் உக்காரும்மா," என்றார் பக்தவத்சலம்.

அவள் இரண்டாவது பஸ்ஸை எடுத்தாள். அவர் போன வேகத்தில் லாரியில் மோதினார். இரண்டு பக்கமும் மூன்று இரண்டானது.

"இன்னாமா இது? மோதுனது நானு, உன் உயிர் ஏன் போவுது?"

ரகுநாதன் முந்திக்கொண்டார். "டிசைனே அப்டிதான் சார்!"

அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம். ஆனால் வாங்கிப்போகிற ஒவ்வொரு வீட்டிலும் இதே கேள்வி வருமே!

"இல்ல சார், தப்பு. நான் பண்ணது."

ரகுநாதன் முகம் செத்துவிட்டது.

"அப்ப என் எதிர்லயே சரி பண்ணு," என்றார் பக்தவத்சலம்.

குளோபலை எடுத்துவிட்டு, எந்த பஸ் மோதுகிறதோ அதன் உயிரை மட்டும் ஃபங்ஷனுக்கு உள்ளே அனுப்பி, கேமை முதலிலிருந்து தொடங்கினாள். அவர் மோதினார். மூன்று மூன்றாகவே நின்றது. இன்னொரு தடவை மோதினார். அப்போதும் மூன்று.

"இப்ப யாருக்கும் சாவே கெடையாதா?"

வேலை போயிற்று என்றே நினைத்தாள். அப்புறம்தான் உறைத்தது, உள்ளே குறைந்த எண்ணை வெளியே திருப்பித் தரவில்லை. அதையும் எழுதினாள். அவர் மோதினார். அவருக்கு இரண்டு, அவளுக்கு மூன்று.

பக்தவத்சலம் நாற்காலியைத் திருப்பினார். "இந்த மாதிரி பொதுவுல உட்டது வேற எங்கல்லாம் கீது?"

ரகுநாதன் பின்னாலிருந்து, சொல்லாதே என்று கண்ணைக் காட்டினார். குல்ஷன் பார்த்தும் பாராததுபோல் திரும்பிக்கொண்டாள்.

"எல்லா எடத்துலயும் சார்."

பக்தவத்சலம் ரகுநாதனைப் பார்த்தார். "அத்தினியும் இந்தப் பொண்ணே பிரிச்சிக் குடுக்கட்டும். இவ இங்க இருந்தா வாங்கிக்கறேன்."

ரகுநாதன் வேகமாகத் தலையாட்டினார். குல்ஷனுக்கு இத்தனையையும் எப்படிப் பிரிப்பது என்ற பயம் அப்போதே வந்துவிட்டது. பரவாயில்லை, இது சம்பளத்தோடு வருகிற பயம்.