ஹொன்ரோன் என்று யார் கத்துவது?

ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் வந்து குவியும் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. அழுக்கு விரிப்புகளை மூட்டையாகச் சுருட்டி, இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் தள்ளுவண்டிக்குள் வீச வேண்டும். என்னோடு இருக்கிற பெண்கள் அத்தனை பேரும் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். தூரத்திலிருந்து வீசிய மூட்டை விளிம்பில் படாமல் உள்ளே விழுந்தால் "ஹொன்ரோன்!" என்று ஒரு கத்தல் கிளம்பும். கூடமே திருப்பிக் கத்திச் சிரிக்கும். அந்தச் சிரிப்போடேயே சாப்பாட்டு மேசைக்குப் போவார்கள். நான் சோப்புத்தூள் டப்பாக்களுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். யாரும் விரட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. அந்த மேசையில் ஓர் இடம் கிடைக்காதா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது.

ஒரே ஒரு சொல்தானே, கற்றுக்கொண்டால் போயிற்று என்று நினைத்தேன். மூட்டை உள்ளே விழுந்ததும் தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மறுநாள் இன்னும் சத்தமாகக் கத்தினேன். நெட்டை என்று நான் மனசுக்குள் பெயர் வைத்திருந்தவள் உதட்டைச் சுழித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பொறுக்க முடியாமல் வீட்டுக்காரர் செல்போனில் தேடினார்.

"பேஸ்பால்ல பந்தை மைதானத்துக்கு வெளிய அடிக்கிறதாம். இங்கிலீஷ்ல ஹோம் ரன். அதை வாங்கி இப்படி ஆக்கிட்டாங்க. நம்ம சிக்ஸர் மாதிரி."

"அர்த்தம் யாருக்கு வேணும்? நான் கத்தினா ஏன் ஒருத்தியும் கத்த மாட்டேங்கிறா?"

"நீ யார் போட்ட மூட்டைக்குக் கத்தினே?"

"நான் போட்டதுக்குத்தான்."

மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். "சிக்ஸர்னா அம்பயர்தான்டி கையைத் தூக்கணும். பேட்ஸ்மேனே தூக்கிக்குவானா?"

இதை அவர்களில் ஒருத்தியாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? மறுநாள் வாயைப் பொத்திக்கொண்டு வீசினேன். நாலைந்து மூட்டைகள் அழகாக விழுந்தன. எனக்காக ஒருத்தியும் கத்தவில்லை. போங்கடி என்று மனசு விட்டுப்போனது.

சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன், மற்றவர்கள் அடைத்துக்கொண்ட இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நெட்டை கடைக்கோடியிலிருந்து ஒரு மூட்டையை வீசினாள். அது விளக்கைத் தொடுகிற உயரத்துக்குப் போய்ப் பொத்தென்று வண்டிக்குள் இறங்கியது. பார்த்தது நான் ஒருத்திதான். யாராவது கவனித்தார்களா என்று அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பேசாமல் இருந்துவிடலாம், அவளுக்கும் தெரியட்டும் என்றுதான் நினைத்தேன். பாழாய்ப்போன வாய் கேட்டால்தானே!

"ஹொன்ரோன்!"

கூடமே திருப்பிக் கத்தியது. நெட்டை நேராக என்னிடம் வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று பார்த்தால், 'ரோன்' என்பதை இன்னும் அழுத்த வேண்டுமாம். எல்லோர் முன்னாலும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். சாப்பாட்டு மணி அடித்த பிறகும் விடவில்லை. கையைப் பிடித்து அந்த மேசைக்கு இழுத்துப் போய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்து, இன்னொரு தடவை சொல் என்று சைகை காட்டினாள்.

என் வாய் நிறையச் சாப்பாடு.

"சாப்பிட விடேன்டி!" என்று தமிழிலேயே கத்தினேன். மேசையே சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.