நாவல்பழத் துவர்ப்பு

கலைப்பிரியாவின் ஆபீஸ் எடின்பரோவில், அவள் திண்டிவனத்தில். கொரோனா சமயத்தில் சென்னை ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு வந்தவள், அப்படியே அம்மா வீட்டு மாடி அறையில் தங்கிப்போனாள். கூட வேலை செய்கிறவர்களில் ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை.

அன்று அவளுடைய மேனேஜர் அலெக்ஸுக்கு ரிட்டயர்மென்ட். எல்லோரும் சேர்ந்து ஒரே விஸ்கியை ருசி பார்ப்பதாக ஏற்பாடு. சென்னைக்கு வந்த ஒருவர் மூலம் அவளுக்கும் ஒரு குட்டி பாட்டில் வந்திருந்தது. அம்மா கிருஷ்ணவேணி விழுப்புரத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் முடித்துவிடலாம் என்று கலைப்பிரியா லேப்டாப்பைத் திறந்தாள்.

அங்கே இன்னும் பட்டப்பகல். ஒரு நீள மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். திரை வழியாகச் சேர்ந்தவள் இவள் மட்டும்தான்.

"கடைசி ஒரு வருஷம் இதை போர்ட் ஒயின் இருந்த பீப்பாயில் போட்டு வைத்தார்கள். பீப்பாய் குடித்ததை இது திருடிக்கொண்டது" என்றார் அலெக்ஸ். எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் மடக்கில் காது வரைக்கும் சூடு ஏறியது. பிறகு ஒரு இனிப்பு. அது கரைந்ததும் நாக்கின் ஓரங்களில் ஏதோ இழுத்துப் பிடித்தது. ஒருவர் பிளம் என்றார், ஒருவர் கிறிஸ்துமஸ் கேக் என்றார். அவளுக்கு அது என்னவென்று சட்டென்று பிடிபட்டுவிட்டது. நாவல்பழம்! உப்புப் போட்டுக் குலுக்கித் தின்பதையும், நாக்கு ஊதாவாகிப் போவதையும் இங்கிலீஷில் ஆசை ஆசையாகச் சொன்னாள்.

"அருமை, கலை" என்றார் அலெக்ஸ். பேச்சு அடுத்தவரிடம் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து பாருக்குப் போகலாம் என்று யாரோ சொல்ல, கோட்டை மாட்டிக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். கேமராவை அணைக்க யாருக்கும் ஞாபகமில்லை. காலி நாற்காலிகளும் பாதி குடித்த கிளாஸ்களும் திரையில் அப்படியே இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தைக் குடித்தாள். ஒரு துப்புரவுப் பெண் வந்து மேசையைத் துடைத்து கேமராவை அணைத்ததும் திரை இருண்டது.

"என்னாடி இது, நாத்தம்?"

பட்டுப்புடவையோடு வாசலில் அம்மா. பொய் சொல்லத் தோன்றவில்லை.

"ஆபீஸ்ல விஸ்கி குடுத்தாங்கம்மா."

கிருஷ்ணவேணி கத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். "தனியாவா குடிச்ச?"

"இல்லம்மா. பன்னெண்டு பேரு இருந்தாங்க."

"எங்கடி?"

கலைப்பிரியா லேப்டாப்பை மூடினாள்.

"எப்டி இருந்துச்சு?"

"கடசில நாவப்பழம் மாதிரி தொவர்ப்பா இருந்துச்சும்மா."

"அதுக்கு நாவப்பழமே வாங்கித் தின்னலாமே. பஸ் ஸ்டாண்டுல கூறு கட்டி வச்சிக்கினு கூவுறாங்க." எழுந்தவள் கதவருகே நின்றாள். "மண்டபத்துல எல்லாரும் உன்னத்தான் கேட்டாங்க."

"என்னா சொன்ன?"

"வேல பாத்துக்கினு இருக்கா, கூட நெறைய பேரு இருக்காங்கன்னு சொன்னேன். சாப்பிட வா."

டம்ளரை எடுத்துக்கொண்டு அம்மாவின் பின்னால் கலைப்பிரியா படியிறங்கினாள்.