பச்சைக்குக் கீழே இரும்பு

சாவியைத் திருப்பினாள் தோம்னிகா.

ஒன்றும் இல்லை. 'டிக்' என்றுகூட இல்லை.

மறுபடி திருப்பினாள். கொட்டகைக் கூரையிலிருந்து உருகிச் சொட்டும் பனியின் சத்தம்தான் கேட்டது.

"நான்தான் சொன்னேனே," என்றார் வாசலில் நின்ற ஃபிலிமோன் பெரியப்பா. கையில் பிளம் சாராயக் கிளாஸ். "உங்கப்பன் வயர் மாத்தின லட்சணம் இவ்வளவுதான். செத்தவனைத் தப்பாப் பேசக்கூடாது. ஆனா அவன் கோழிக்கூட்டுக்கு லைட் போட்டப்போ, கோழிதான் செத்துச்சு."

"பெரியப்பா, வாயை மூடிட்டு டார்ச்சைப் பிடிங்க."

"டிராக்டர் ரெடியா நிக்குது. டிரெய்லரை ரெண்டு தடவை கழுவிட்டேன்."

"நேத்து வரைக்கும் அதுல என்ன இருந்துச்சு?"

"பன்னி." ஒரு மடக்கு குடித்தார். "நல்ல பன்னி."

வீட்டுக்குள், முன்னறையில், அப்பா சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். மதியம் பாதிரியார் வந்துவிடுவார். டவுனிலிருந்து வந்த சவவண்டிக்காரன் பாலத்துக்கு அப்பால் கல்லறைக்கு ஏறும் மலைப்பாதையின் சேற்றைப் பார்த்தான்; வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் ஊரின் தோள்கள் எல்லாம் பிழைப்புக்காக இத்தாலியில் இருந்தன. மிச்சம் ஸ்பெயினில்.

ஆக, ஒன்று பன்றி டிரெய்லர். இல்லையென்றால் இந்த ஆரோ.

பழைய ஜீப். எலிகள் வயர் அத்தனையையும் தின்று தீர்த்த நிலையில்தான் அப்பா இதை வாங்கினார். மூன்று குளிர்காலம் உழைத்தார். துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, கடைசியாக ஒரு வயர் விடாமல் புதிதாகப் போட்டார். போன ஞாயிறு பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினார். ஒன்றும் எரியவில்லை. தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு உள்ளே வந்து அம்மாவிடம் சொன்னாராம்: "எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன் சவேதா. எங்கேன்னு தெரியல."

அன்றிரவு சாப்பிடவில்லை. காலையில் எழவில்லை.

அந்த வார்த்தையோடு அவரைப் பன்றி டிரெய்லரில் ஏற்ற தோம்னிகாவுக்கு மனம் வரவில்லை.

டவுனில் கார்களுக்கு வயர்க்கட்டு தயாரிக்கும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. நாள் முழுக்கப் பலகை முன்னால் நின்று, ஆணிகளுக்கு நடுவே வயர்களை ஓடவிட்டு டேப் சுற்றுவாள். கட்டி முடித்தது பெட்டியில் ஏறிப் போய்விடும். அவள் கட்டிய வயரில் எங்கேயும் ஒரு விளக்கு எரிந்து அவள் பார்த்ததில்லை.

டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தாள். ஃப்யூஸ்கள் நன்றாக இருந்தன. ஒவ்வொரு இணைப்பையும் பிடித்து இழுத்தாள். ஒன்றும் கையோடு வரவில்லை. டேப், ஒரு சுற்றின் பாதி மேல் அடுத்த சுற்று ஏறி, பாம்புத் தோல் மாதிரி படிந்திருந்தது. தொழிற்சாலையில் இப்படிச் சுற்றினால் சூப்பர்வைசர் கூப்பிட்டு மற்றவர்களுக்குக் காட்டுவாள்.

"தப்பே இல்லையே பெரியப்பா."

"அப்புறம் ஏன் எரியல? கோவிச்சுக்கிச்சா?"

சோதனை பல்பின் இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைத்தாள். பளிச்சென்று எரிந்தது. ஒரு முனையை பிளஸ்ஸிலேயே வைத்துக்கொண்டு, மற்றதை வண்டியின் உடம்பில் வைத்தாள்.

இருட்டு.

வயர் வழியாகப் போகிற கரண்ட் இரும்பு உடம்பு வழியாகத்தானே திரும்பி வரணும்? உடம்பு பதிலே சொல்லவில்லை. பேட்டரியை உடம்போடு இணைக்கும் எர்த் பட்டை முடுக்கியிருந்த இடத்தைப் பார்த்தாள்.

பச்சை. கண்ணாடி மாதிரி மின்னும் பச்சை. போல்ட்டுக்கு மேலே பச்சை, கீழே பச்சை.

அப்பாவுக்குப் பெயிண்ட் பைத்தியம். கேட், பெஞ்சு, தேனீப் பெட்டி, அம்மாவின் தையல் மெஷின் எல்லாமே இதே பச்சைதான். இந்த வண்டியைப் போல்ட் போல்ட்டாகக் கழற்றி, இண்டு இடுக்கெல்லாம் மூன்று பூச்சுக் கொடுத்திருந்தார். கரண்ட் புகுவதற்கு ஒரு ஊசிமுனை இரும்பு இல்லை.

"பெரியப்பா, உங்க கத்தியைக் குடுங்க. பெயிண்டைச் சுரண்டணும்."

ஃபிலிமோனின் கிளாஸ் பாதி வழியில் நின்றது. "ஏய், வேணாம்மா. ஒரு கீறல் விழுந்தாலும் என்னை வீட்டுப் பக்கம் விடமாட்டான்."

சொன்ன பிறகுதான் முன்னறை ஜன்னல் பக்கம் பார்த்தார்.

பிறகு அவர் கத்தியைப் பிரித்துக் கைப்பிடிப் பக்கமாக நீட்டினார்.

தூரிகைத் தடம் ஒன்றுகூடத் தெரியாத பூச்சு. கத்தியை வைத்துவிட்டாள், அழுத்தத்தான் கை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். பச்சை சுருண்டு விழ, கீழே இரும்பு வெள்ளையாகச் சிரித்தது. இன்ஜினின் எர்த் பட்டைக்கு இன்னொரு இடம் சுரண்டினாள். ஹெட்லைட்டுகளுக்குப் பின்னால் எர்த் முடுக்கிய இடத்தை, உப்புத்தாளோடு மண்டி போட்டு, பெரியப்பாவே தேய்த்தார். மூக்கை உறிஞ்சினார். "சளி," என்றார், யாரும் கேட்காமலே.

சாவி.

மீட்டர் முள் துள்ளியது. இன்ஜின் ஒருமுறை இருமியது, இன்னொருமுறை இருமியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. கொட்டகையே அதிர்ந்தது.

சாவுக்கு இனிப்புக் கோதுமை கிளறிக்கொண்டிருந்த கையோடு அம்மா ஓடி வந்தாள். வண்டியைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"வயரா?"

"வயரெல்லாம் சரிம்மா. எல்லாமே சரி. பெயிண்ட்தான்."

அம்மா திரும்பி உள்ளே போனாள். பெட்டிமேல் குனிந்து அவர் காதில் ஏதோ சொல்வது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. தோம்னிகா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

பெட்டியின் கால்பக்கம் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கயிறு போட்டுக் கட்டினார்கள். சாவு வண்டி என்று தெரிய, பக்கக் கண்ணாடிகளில் வெள்ளைத் துண்டு முடிந்தார்கள். பாதை பிரியும் இடத்திலெல்லாம் நின்று ஜெபம் படித்தாக வேண்டும். போகிறவருக்கு அங்கங்கே மேலுலகத்துக் கதவு திறக்கணுமே.

முதல் பிரிவில் பாதிரியார் புத்தகத்தைத் திறந்தார். இன்ஜின் உறுமியது.

"இதை நிறுத்தும்மா. நான் படிக்கிறது எனக்கே கேட்கல."

"நிறுத்தாதே!" பக்கத்து சீட்டிலிருந்து பெரியப்பா எகிறினார். "திரும்ப ஸ்டார்ட் ஆகலைன்னா? நீங்க சத்தமாப் படிங்க சாமி!"

பாதிரியார் தொண்டை கிழியப் படித்தார்.

இரண்டாவது பிரிவு, மாவு மில்லுக்குப் பக்கத்தில். ஏற்றம். எதிரே முழங்கால் சேறு. பாதிரியார் கத்துவதற்காக மூச்சை இழுத்தார்.

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தோம்னிகாவே சாவியைத் திருப்பி அணைத்தாள்.

பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

ஓடையின் சத்தம் கேட்டது. பாதிரியாரின் மெதுவான குரல் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது. அம்மா மூச்சு விடுவதும் கேட்டது. ஆமென் சொல்லி முடிந்ததும் அத்தனை பேரும் வண்டியைப் பார்த்தார்கள்.

ஒரே திருப்பு. பிடித்துக்கொண்டது.

"நல்லா இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்," என்று ஃபிலிமோன் நெஞ்சில் சிலுவை போட்டார். தம்பிக்கா, வண்டிக்கா, தெரியவில்லை. நாலு சக்கரமும் மண்ணைக் கவ்வ, ஆரோ மேலே ஏறியது.

அடக்கம் முடிந்தபோது பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழும்பியது. இனிப்புக் கோதுமை பங்கிட்டுத் தீர்ந்த காலிப் பாத்திரங்களோடு கிழவிகள் சேற்றைப் பார்த்து மலைத்து நின்றார்கள்.

"ஏம்மா, கீழேதானே போறே? என் முட்டி ரெண்டும்..."

"ஏறுங்க அத்தை. எல்லாரும் ஏறுங்க. அம்மா, நீ முன்னாடி வா."

பெரியப்பா பின்னால் தொற்றிக்கொண்டு, "கைத்தடியை உரசாதீங்க, பெயிண்டு!" என்று அலறினார்.

"கிழவா, உன் மேல முதல்ல ஒரு கோட் அடிக்கணும்டா!" என்றாள் ஒரு கிழவி.

தோம்னிகா ஹெட்லைட்டைப் போட்டாள். மஞ்சள் வெளிச்சம் பனிக்குள் நெடுந்தூரம் போனது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கியரைப் போட்டாள்.

வளைவில் எதிரே ஆட்டுக்காரன் ஒருவன் வந்தான். கண்ணாடியில் தொங்கிய வெள்ளைத் துண்டைப் பார்த்து, ஓரமாக ஒதுங்கி, தொப்பியைக் கழற்றக் கையைத் தூக்கினான். வண்டிக்குள்ளிருந்து கிழவிகளின் சிரிப்பு வெடித்தது. தூக்கிய கை ஒரு கணம் தொப்பியிலேயே நின்றது. பிறகு அதே கையை அசைத்தான்.