மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் செல்வி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய லைன் வீட்டில் கிரேஸ் நிம்மதியாகத் தூங்கி மாசக்கணக்காச்சு. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்தால், பதினோரு மணிக்கெல்லாம் பக்கத்து வீட்டுச் செல்வி ஆஜர். தகரக் கூரை, கதவைச் சாத்தினால் வெந்து சாகவேண்டியதுதான். திறந்து வைத்தாலோ, செல்வி.

"தூங்குறியா கிரேஸு? தூங்கு, தூங்கு. ரெண்டு கறிவேப்பிலை எடுத்துக்கினு போயிடறேன்" என்பாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாளென்றால் ஒரு மணி நேரம் ஊர்க்கதை ஓடும்.

விட்டுப்போன தூக்கம் கம்பெனியில் வந்து பிடித்துக்கொண்டது. செக்கிங் மேஜையில் தலைசாய்ந்தவளை சூப்பர்வைசர் மணிகண்டன் பார்த்துவிட்டார்.

"இன்னொரு வாட்டி தூங்குனா பர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேரு இருக்காது, சொல்லிட்டேன்."

ஆறு வருஷமாகக் கிரேஸ் காத்திருக்கிற லிஸ்ட்!

மறுநாளே கடையில் மஞ்சள் டேப் வாங்கி வாசல் தரையில் குறுக்கே ஒரு கோடு ஒட்டினாள். கம்பெனியில் மெஷினைச் சுற்றி ஒட்டியிருக்குமே, அதே டேப். லைனின் எட்டு வீட்டிலும் கம்பெனி சோறு தின்னாத ஆளில்லை. மஞ்சக் கோட்டைக் கண்டால் கால் தானாக நின்றுவிடும். மூட்டுவலி வந்து வேலையை விடும் முன்னால், செல்வி கோட்டைத் தாண்டி மெமோவே வாங்கியவள்.

"ஏன்டி, நீ இன்னா மெஷினா?" என்று கோட்டுக்கு வெளியே நின்று கேட்டாள்.

"ஆமாக்கா. கிட்ட வந்தா கை போயிடும்."

செல்விக்கு முகம் சுருங்கிப்போனது. கிரேஸ் அதைப் பார்க்காத மாதிரி படுத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். கண் தெளிந்தது, வேலையில் ஒரு தப்பு இல்லை. என்ன, செல்வி வீட்டு மத்தி மீன் குழம்பும் வாசனையோடு வெளியிலேயே நின்றுவிட்டது. அதுதான் கொஞ்சம் வலித்தது.

லிஸ்டில் பெயரும் வந்தது. மதியம் மூன்று மணிக்குள் ஆபீசில் வந்து கையெழுத்துப் போடணும், தவறினால் அடுத்த பெயர். கிரேஸ் லைன் முழுக்கச் சொல்லிவிட்டு, போனில் ஒரு மணிக்கு அலாரம் வைத்தாள். யாரும் கூப்பிட்டுத் தொல்லை பண்ணக் கூடாதென்று அதே போனை அணைத்துவிட்டுப் படுத்தாள். புத்திசாலி!

மணி ரெண்டு. வாசலில் லைனே கூடிவிட்டது.

"கிரேஸு! ஏ கிரேஸு!"

அசையவில்லை. எதிர்வீட்டு மெர்சி ஒட்டடைக் கொம்பை நீட்டிக் காலைக் குத்தப் பார்த்தாள். எட்டவில்லை. கோட்டைத் தாண்ட ஒருத்திக்கும் கால் வரவில்லை.

"பேஜாரு புடிச்ச கோடு!" என்று செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த கை அப்படியே நின்றது. மெமோவில் எழுதியிருந்தது ஞாபகம் வந்துவிட்டது: 'ஹெல்மெட், ஷூ இல்லாமல் கோட்டைத் தாண்டியதற்காக.'

இல்லாமல்தானே?

கிரேஸ் கண் விழித்தபோது, செல்வி புருஷன் லோகுவின் மஞ்சள் ஹெல்மெட்டும் பெரிய பூட்ஸுமாக, நைட்டியில் ஓர் உருவம் அவளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

"எழுந்திருடி மெஷினு! மணி ரெண்டரையாச்சு!"

அலறிப் புடைத்துக்கொண்டு ஓடினாள். மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டாள். திரும்பி வந்து செல்வியைக் கட்டிக்கொண்டு, "நீ மட்டும் வரலன்னா என் பொழப்பு போயிருக்கும்க்கா" என்று அழுதுவிட்டாள்.

மறுநாள் பதினோரு மணி. வாசல் நிலையில் டொக், டொக். கிரேஸ் ஒரு கண்ணைத் திறந்தாள். கோட்டுக்கு வெளியே செல்வி. தலையில் ஹெல்மெட், கையில் மத்திக் குழம்புக் கிண்ணம், வாய் நிறைய ஊர்க்கதை.

கோபம் வரவேண்டிய இடத்தில் கிரேஸுக்குச் சிரிப்புதான் வந்தது. அடக்கிக்கொண்டு கேட்டாள்:

"ஷூ எங்கக்கா?"

செல்வி குனிந்து வெறுங்காலைப் பார்த்தாள். "அடச்சே!" என்று வீட்டுக்குத் திரும்பினாள்.

மூட்டுவலியோடு செல்வி குனிந்து பூட்ஸ் லேஸ் கட்டி முடிக்க எப்படியும் கால் மணி நேரமாகும். கிரேஸ் புரண்டு படுத்தாள்.