சூடான ரொட்டியும் முன்பக்க லிஃப்டும்

"தொட்டுப் பாரு," என்று ரொட்டித் தட்டை மேசையின் விளிம்புவரை தள்ளினாள் எலோயிசா அம்மாள். "பொணம் மாதிரி ஜில்லுன்னு கெடக்கு."

தல்வீனா தொட்டுப் பார்க்கவில்லை. பன்னிரண்டு மாடியும் அதை மார்போடு அணைத்து ஏற்றி வந்தவளுக்கு, அது எந்த மாடியில் ஆறியது என்றே தெரியும். எட்டாவது மாடி. அங்கேதான் அவளுடைய வலது முழங்கால் மக்கர் பண்ணும். கொஞ்சம் உட்கார்ந்துதான் எழ வேண்டும்.

"இந்த வாரம் பூரா பாக்கறேன். அப்பவும் இப்படித்தான்னா, மூணாவது மாடிக்காரி ஒரு சின்னப் பொண்ணப் பத்திச் சொல்லியிருக்கா. அவளுக்கு முழங்கால் நல்லா இருக்காம்." எலோயிசா அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "நீ எங்க வீட்டு மனுஷி மாதிரி தல்வீனா. அதனாலதான் முன்னாடியே சொல்லிடறேன்."

வேலை போனால், இந்த வயதில், இந்தக் காலோடு, பிரேசிலின் இந்தச் சல்வடோர் நகரத்தில் இன்னொரு சமையலறை அவளுக்குக் கதவு திறக்காது. ஆகவே ரொட்டி சூடாக மேலே வந்தாக வேண்டும்.

பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் தெருமுனைக் கடை ரொட்டி லேசுப்பட்டது அல்ல. அடுப்பிலிருந்து வந்ததும் அதன் மேலோடு மொறுமொறுவென்று இருக்கும். உள்ளே ஆவி அடைபட்டிருக்கும். துணியில் பொதிந்தால் சூடு நிற்கும், ஆனால் ஆவி வெளியேற வழியின்றி மேலோட்டில் இறங்கி, ரொட்டி ரப்பராகிவிடும். திறந்து எடுத்து வந்தால் மேலோடு மொறுமொறுப்பாக இருக்கும், சூடு ஓடிவிடும். தல்வீனா தகர டப்பாவில் வைத்துப் பார்த்தாள், டப்பா வியர்த்தது. வறுத்த உப்பை மூட்டை கட்டி அடியில் வைத்துப் பார்த்தாள், அடிப்பாகம் கருகியது. என்ன செய்தாலும் மாடிப்படியின் நீளம் குறையவில்லை.

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லாமல் இல்லை. இரண்டு இருந்தன. பின்பக்க லிஃப்ட் வேலைக்காரிகளுக்கும் நாய்களுக்கும் குப்பைக்கும். அது பழுதாகி மூன்று வாரம் ஆகிறது. சாமான் சாவோ பாவ்லோவிலிருந்து வர வேண்டுமாம். முன்பக்க லிஃப்ட் குடியிருப்பவர்களுக்கு. அதில் ஆளுயரக் கண்ணாடி, பித்தளைக் கைப்பிடி.

லிஃப்ட் ஓடும் விதம் எளிது. கம்பிவடத்தின் ஒரு முனையில் பெட்டி, மறு முனையில் இரும்புப் பாளங்கள். காலிப் பெட்டியைவிடப் பாளங்கள் கனம். அதனால் காலிப் பெட்டி தானாகவே மேலே போகத் துடிக்கும். அதைக் கீழே இழுத்து வரத்தான் மோட்டார் பாடுபடும். உள்ளே தல்வீனாவைப் போல் வாட்டசாட்டமான ஒருத்தி ஏறினால் இரண்டு பக்கமும் சமத்தை நெருங்கும். ஆக, அவளை ஏற்றுவதில் இயந்திரத்துக்கு ஓர் ஆட்சேபமும் இல்லை. ஆட்சேபம், கதவருகே திருகாணி போட்டு முடுக்கிய பலகைக்குத்தான்: "பணியாளர், நாய், ஈர உடை, சுமை அனுமதியில்லை."

காவலாளி எவரால்டோ அந்தப் பலகையைத் தினம் துடைப்பான். அவனும் தல்வீனாவைப் போலக் கறுப்பன்தான். கண்ணாடியையும் துடைப்பான், லிஃப்டைத் தரைத்தளத்திலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு.

"தம்பி, எனக்குத்தான தடை? ரொட்டிக்கு இருக்கா?" என்று கேட்டாள் தல்வீனா.

அவன் பலகையை வாசித்தான். "ரொட்டியப் பத்தி ஒண்ணும் எழுதலக்கா."

"சுமைன்னு எழுதியிருக்கே?"

"நாலு ரொட்டி என்ன சுமை? அஞ்சாம் மாடிக் கர்னல் தொப்பையவிடவா?"

ரொட்டிப் பையை ஒரு முக்காலியில் வைத்து, முக்காலியை லிஃப்டில் வைத்து, பன்னிரண்டை அமுக்கிவிட்டுத் தல்வீனா படியேறினாள். ரொட்டி பன்னிரண்டாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் லிஃப்ட் யார் கூப்பிட்டாலும் ஓடும். அவள் ஆறாவது மாடியில் மூச்சு வாங்கும்போதே ஐந்தாம் மாடிக் கர்னல் அதைக் கூப்பிட்டுவிட்டார். குடியிருப்போர் சங்கத் தலைவரும் அவர்தான். கீழே இறங்கி, "லிஃப்ட்ல எவன்டா கடை போட்டது?" என்று எவரால்டோவிடம் கத்தினார். பையில் மூன்று ரொட்டிதான் இருந்தது. நாலாவதன் துணுக்கு அவர் மீசையில் இருந்தது.

மறுநாள் காலை எட்டாவது மாடிப் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் தல்வீனா. முன்பக்க லிஃப்டின் கதவு திறந்தது. அந்த மாடி வீட்டு ஆயா ஜுசிலேனி, வெள்ளைச் சீருடையில், இடுப்பில் குழந்தையோடு இறங்கினாள். நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. நிறத்தில் தல்வீனாவைவிட ஒரு படி கூடுதல் கறுப்பு.

"அடியே! உனக்கு யாருடி வழி விட்டது?"

"இதோ, இந்த ஐயாதான்." ஜுசிலேனி குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். குழந்தை எச்சில் ஒழுகச் சிரித்தது. "குப்பை போற லிஃப்ட்ல பிள்ளை போகக் கூடாதுன்னு எங்க வீட்டம்மா சண்டை போட்டாளா, பலகையில ஒரு வரி சேத்தாங்க: குழந்தையோட வர்ற ஆயா தவிர. நீ பாக்கலயா?"

"கீழ சின்னதா எழுதியிருக்கே, அதா? கண்ணாடி போட்டாத்தான் தெரியும்."

"நேத்து இவன் தூங்கறப்ப சோப்பு வாங்கப் போனேங்கா. எவரால்டோ படியக் காட்றான்! அதே நான், அதே சீருடை."

தல்வீனா குழந்தையை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன கனம் இருப்பான்?"

"ஒரு பூசணிக்காய்."

"எப்ப முழிப்பான்?"

"விடியறதுக்கு முன்ன. அவங்கம்மா தூக்கம் கெடாம நான்தான் வெளிய தூக்கிட்டு வந்து ஆட்டணும்... ஏங்கா இப்படிப் பாக்கற? ஐயோ, வேணாம்!" என்றவள், சொல்லி முடிக்கும் முன்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த நாள் காலை, தெருவில் ஜுசிலேனியிடம் வாங்கிய குழந்தை இடது இடுப்பிலும் ரொட்டி வலது கையிலுமாகத் தல்வீனா வாசலில் நுழைந்தாள். எவரால்டோ எழுந்து நின்றான்.

"அக்கா, இது யாரு?"

"லிஃப்ட்ல போறவரு. நான் துணைக்குப் போறேன்."

"அவரு வீடு எட்டாவது மாடி. நீ பன்னெண்டு."

"அவருக்கு மேலேர்ந்து கடல் பாக்கணுமாம். வேணாம்னு நீயே அவருகிட்ட சொல்லிடு."

எவரால்டோ பலகையை ஒரு முறை வாசித்தான். விரல் வைத்து இன்னொரு முறை வாசித்தான். பிறகு கதவைத் திறந்து, குழந்தைக்கு மட்டும் ஒரு சலாம் வைத்தான்.

எலோயிசா அம்மாள் ரொட்டியைப் பிட்டாள். அது நொறுங்கியது, ஆவி வந்தது. "பாத்தியா? மனசு வச்சா எல்லாம் முடியுது!" என்றாள்.

அந்த வாரமே பத்தாவது மாடிச் சலவைக்காரியும் குழந்தையை இரவல் கேட்டு வந்தாள். பிறகு ஏழாவது மாடிச் சமையல்காரி மீனோடு வந்தாள். கர்னல் ஒரே காலையில் மூன்று வெவ்வேறு கறுப்புப் பெண்களின் இடுப்பில் அதே குழந்தையைச் சந்தித்தார். மூன்று முறையும் கன்னத்தைத் தட்டிக் குழந்தைக்குக் காலை வணக்கம் சொன்னார். மூன்றாம் முறை சந்தேகம் வந்து சங்கத்தைக் கூட்டினார். அந்த வரியை அடித்துவிடலாம் என்றார். எட்டாவது மாடித் தாய் எழுந்து, "அப்ப விடியக்காலைல அவனை நீங்க வந்து தூக்கிட்டுப் போறீங்களா?" என்றாள். வரி அப்படியே நின்றது.

எனவே வழி இதுதான். அந்தக் கட்டடத்தில் ஒரு கறுப்புப் பெண் முன்பக்க லிஃப்டில் போக, இன்னும் நடக்கவும் பேசவும் வராத ஒரு வெள்ளைக் குழந்தையின் சிபாரிசு போதும். குழந்தை இடுப்பில், சுமை மறு கையில். கதவை முதுகால் தள்ள வேண்டும். பொத்தானைக் குழந்தையே அமுக்கும், சீக்கிரம் பழகிவிடும். மேலே போனதும், கீழே இறங்கக் காத்திருப்பவளிடம் குழந்தையைக் கொடுத்துவிட வேண்டும். யாரும் வெறும் இடுப்போடு லிஃப்டில் ஏறக் கூடாது.